பெட்டி கட்டுமுன் ஒரு வார்த்தை



ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவருக்கு என்னென்ன எடுத்து வைக்க வேண்டும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். சவூதிக்கும் துபாய்க்கும் பிழைக்கப் போகிற பிள்ளைக்குப் பெட்டி கட்டுவதும் நம் பெண்களுக்குக் கைவந்த கலை. ஆனால், இராணுவப் பயிற்சிக்குப் புறப்படும் பிள்ளைக்குப் பெட்டி கட்டிய பழக்கம் நம்மவரில் எத்தனை வீடுகளுக்கு உண்டு? மிகச் சில வீடுகளுக்கே உண்டு. எனவேதான், அண்மையில் எங்கள் குடும்பத்திலிருந்து ஒரு பிள்ளை அவ்வாறு புறப்பட்டபோது நாங்கள் சிந்தித்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். எதைக் கொண்டு போக வேண்டும் என்பதற்குப் பயிற்சி மையத்திலிருந்து வரும் கடிதமே போதும். எதை வீட்டில் விட்டுச் செல்ல வேண்டும் என்பதைத்தான் நாம் யோசித்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணை. விருதுநகர் மாவட்டத்தில் வெம்பக்கோட்டை வட்டத்தைச் சேர்ந்தது. 1799இல் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபோது அதனுடன் வெள்ளையரால் பறிமுதல் செய்யப்பட்ட பாளையங்களில் இதுவும் ஒன்று. வாளும் வேலும் ஏந்திய அந்தக் காலம் போய்விட்டது. இன்று இந்த வட்டாரத்தின் பிழைப்பு தீப்பெட்டியும் பட்டாசும்தாம். படித்த பிள்ளைகள் வேறு வழி தேடும்போது, 2022ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் அறிவிக்கப்பட்ட 'அக்னிபத்' திட்டமும் அவர்கள் கண்ணில் படுகிறது. என் தங்கை மகன் அந்த வழியில்தான் சென்றான். கணினியில் எழுத்துத் தேர்வு, அதன்பின் 1.6 கிலோமீட்டர் ஓட்டம், கம்பியில் உடலைத் தூக்குதல், மருத்துவப் பரிசோதனை என ஒவ்வொன்றாகத் தாண்டினான்.

அழைப்புக் கடிதம் வந்த அன்றே உறவினர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். வந்தவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொருள். அன்பினால் கொண்டு வந்தவைதாம். ஆயினும் பெட்டி ஒன்று. அதைச் சுமக்கப் போகிறவனும் ஒருவன். தாய்மாமன் என்ற முறையில் பொருள்களைப் பிரித்து வைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

முதலில் எளிய பொருள்களைச் சொல்லிவிடுகிறேன். தங்க மோதிரம், விலையுயர்ந்த கைக்கடிகாரம், பகட்டான உடைகள், கட்டுக்கட்டாகப் பணம் ஆகிய யாவும் வீட்டில் இருக்கட்டும். அங்கே எல்லோருக்கும் ஒரே சீருடை, ஒரே முடிவெட்டு, ஒரே கட்டில். பணக்கார வீட்டுப் பிள்ளையும் கூலி வேலை செய்பவர் பிள்ளையும் தோளோடு தோள் நிற்கும் இடம் அது. தொழுகை வரிசையில் நின்று பழகிய நமக்கு இது புதிதன்று. சாத்தூர்ச் சேவு டப்பா மூன்று வந்திருந்தது. ஒன்றை மட்டும் இரயிலில் கூட வருகிறவர்களோடு பகிர்ந்து உண்ணக் கொடுத்தோம். கைபேசியை எப்போது பயன்படுத்தலாம் என்பது அந்தந்த மையத்தின் கட்டுப்பாட்டைப் பொறுத்தது. எனவே, "தினமும் இரவு ஒன்பது மணிக்குப் பேச வேண்டும்" என்று பிள்ளையிடம் உறுதி வாங்காதீர்கள். அவனால் அதைக் காப்பாற்ற இயலாது. பேச்சு வராத இரவில் உங்களுக்கும் தூக்கம் வராது.

எங்கள் வட்டாரத்துக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. சிவகாசிப் பக்கத்துப் பிள்ளை வெளியூர் போனால், "பட்டாசு கொண்டு வரவில்லையா?" என்ற கேள்வி அவனுக்கு முன்பே அங்கே போய்க் காத்திருக்கும். புது நண்பர்களுக்குக் கொடுக்கட்டும் என்று ஒரு பெட்டி மத்தாப்பை உள்ளே செருகிவிடுகிற உறவினர்களும் உண்டு. இரயிலில் வெடிபொருள் கொண்டு செல்வது 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவுப்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அபராதத் தொகை சிறியதாகத் தோன்றலாம். ஆனால், நன்னடத்தைச் சான்று காட்டி வேலையில் சேரப் போகிறவன் மீது ஒரு வழக்குப் பதிவானால் அவன் நிலை என்ன ஆகும்? மருந்து வேலைக்குப் போட்டுச் சென்ற சட்டையையும், பட்டாசு ஏற்றி இறக்கிய பையையும்கூட வீட்டிலேயே விட்டுச் செல்வது நல்லது.

இனி, மனத்தை வருத்தும் பொருள்களுக்கு வருவோம்.

என் தாயார், அதாவது பிள்ளையின் நன்னி, ஒரு தாயத்தைக் கறுப்புக் கயிற்றில் கோத்து வைத்திருந்தார். "இது உடம்பில் இருந்தால் எனக்கு நிம்மதி" என்றார். தாயத்தைப் பற்றி நம் ஆலிம்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை நீங்கள் அறிவீர்கள். அந்த விவாதத்தை நான் இங்கே எடுக்கவில்லை. கயிறு ஏறுபவன், சுவர் தாண்டுபவன், முள்கம்பிக்கு அடியில் தவழ்ந்து செல்பவன் கழுத்தில் ஒரு கயிறு தொங்கினால் அது எதிலாவது மாட்டிக்கொள்ளும். காவலுக்கென்று கட்டியதே ஆபத்தாகிவிடக் கூடாதல்லவா? இதை எடுத்துச் சொன்னதும் தாயார் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஆயத்துல் குர்ஸி அவனுக்கு மனப்பாடம்தானே?" என்று கேட்டார். "மனப்பாடம்தான்" என்றேன். தாயத்தைத் தம் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். மனத்தில் இருப்பதை எந்த வாயிற்காவலரும் கழற்றச் சொல்வதில்லை.

அடுத்தது தாடி. இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டியதே இந்த ஒரு விஷயம்தான் என்று சொல்லலாம்.

பிள்ளைக்குத் தாடி அரும்பியபோது வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் தரைப்படையில் பொதுவாகச் சீக்கியர்களுக்கு மட்டுமே தாடி வைக்க அனுமதி. விமானப் படையில் பணியாற்றிய முஸ்லிம் சகோதரர் ஒருவர் தாடி வைக்கும் உரிமை கேட்டுத் தொடுத்த வழக்கில், 2016ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படையின் ஒழுங்கும் ஒரே தோற்றமும் காக்கப்பட வேண்டும் என்பதற்காக அமைந்த அந்த விதியை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அவருடைய கோரிக்கையை ஏற்கவில்லை. இதுதான் சட்டத்தின் நிலை. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், பிள்ளையை அனுப்பும் வீடு இதைத் தெரிந்துகொண்டே அனுப்ப வேண்டும்.

மார்க்கத்தின் நிலை என்ன? தாடியை மழிப்பதை ஹனஃபி மத்ஹபு கண்டிப்புடன் தடுக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபின் பெரும் இமாம்கள் பலர் அதை மக்ரூஹ், அதாவது வெறுக்கத்தக்கது என்ற அளவில் வைத்திருக்கிறார்கள். நாங்கள் ஹனஃபிகள். எனவே எங்களுக்கு இது எளிய விஷயமாக இருக்கவில்லை. விண்ணப்பம் போடுவதற்கு முன்பே என் மச்சானும் நானும் பிள்ளையை அழைத்துக்கொண்டு ஹஜ்ரத்திடம் சென்றோம். அவர் பொறுமையாகக் கேட்டார். "இது லேசானது என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன்" என்றார். பிறகு பிள்ளையைப் பார்த்து, "எதற்காகப் போக விரும்புகிறாய்?" என்று கேட்டார். "வீட்டுக் கடன் அடைய வேண்டும், அத்தா மருந்து வேலையை விட வேண்டும், எனக்கும் அந்த வேலை பிடித்திருக்கிறது" என்று அவன் மறைக்காமல் சொன்னான். "அப்படியென்றால் அல்லாஹ்விடம் இஸ்திகாரா செய். முடிவைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எடு. அங்கே போன பிறகு, யாரோ வற்புறுத்தினார்கள் என்று சொல்லிக்கொண்டு எடுக்காதே" என்று கூறி அனுப்பினார்.

பிள்ளை மூன்று இரவுகள் தொழுது துஆச் செய்தான். பிறகு, உடல் தேர்வுக்குச் செல்வதற்கு முந்தின நாள், எங்கள் ஊரிலேயே, தன் விருப்பத்துடனே தாடியை எடுத்தான். அவன் செய்தது சரியா என்று இன்றும் எங்கள் வீட்டில் இரண்டு கருத்து உண்டு. என் தாயார் இன்றுவரை மனம் ஒப்பவில்லை. அவருடைய வருத்தத்தை நான் மதிக்கிறேன். உங்கள் வீட்டில் முடிவு வேறாக இருக்கலாம். தாடியை எடுக்க மனம் இடம் கொடுக்கவில்லை என்றால், விண்ணப்பத்தை எடுத்து வைத்துவிட்டு வேறு வேலை தேடுவது கண்ணியமான முடிவு; அதில் கோழைத்தனம் எதுவும் இல்லை. நான் வேண்டுவதெல்லாம் ஒன்றுதான்: மார்க்கம் சம்பந்தப்பட்ட கேள்விகளைப் பிள்ளையின் தலையில் கட்டி, "அங்கே போய்ப் பார்த்துக்கொள்" என்று அனுப்பிவிடாதீர்கள். பதினெட்டு வயதுப் பிள்ளை, அறிமுகமற்ற ஊரில், பயிற்சி ஹவில்தார் எதிரில் நின்றுகொண்டு ஃபத்வா தேட முடியாது. அதற்குரிய இடம் வீடு. உதவிக்கு உரியவர் உள்ளூர் ஆலிம்.

தொழுகையைப் பற்றியும் இப்படியே முன்கூட்டிப் பேசினோம். பயணத்தில் சுருக்கித் தொழும் கஸ்ர் சலுகை இரயில் பயணத்தோடு முடிந்துவிடும். ஓர் ஊரில் 15 நாள் அல்லது அதற்கு மேல் தங்கும் எண்ணத்துடன் சென்றால் ஹனஃபி மத்ஹபில் அவன் அவ்வூர்வாசி போன்றவனே. ஷாஃபிஈயில் அந்தக் கெடு நான்கு நாள்தான். பயிற்சியோ பல மாதங்கள். ஆகவே அங்கே முழுத் தொழுகைதான். வெள்ளிக்கிழமை அங்கே வேலை நாள். ஜும்ஆவுக்கு வழியில்லாத நிலை ஏற்பட்டால் அன்று லுஹர் தொழ வேண்டும் என்பதையும் ஹஜ்ரத் சொல்லிக் கொடுத்தார். இராணுவத்தில் பண்டிதர், கிரந்தி, பாதிரியார் ஆகியோரைப் போல மௌலவியும் மத போதகராகப் பணியில் சேர்க்கப்படுகிறார். எல்லா மதத்தினரும் ஒரே கூரையின் கீழ் வழிபடும் 'சர்வ தர்ம ஸ்தல்' என்ற இடங்களும் இராணுவத்தில் உண்டு. சாப்பாட்டில், இறைச்சி எவ்வாறு அறுக்கப்பட்டது என்ற ஐயம் எழுந்தால் பருப்பு, முட்டை, பால், காய்கறி என்று உண்டு உடலைக் காத்துக்கொள்ளலாம். அதை ஒரு சண்டையாக்க வேண்டியதில்லை.

கனத்த தொழுகை விரிப்பை வீட்டில் வைத்துவிட்டு, மடித்தால் கைக்குட்டை போல் ஆகும் மெல்லிய துணி ஒன்றைக் கொடுத்தோம். தொப்பி ஒன்று. யாஸீன் சூரா அடங்கிய சிறு நூல் ஒன்று. இதற்கு மேல் மார்க்கத்துக்கென்று அவன் பெட்டியில் எடையில்லை.

சகோதரிகளே, இனி வருவது உங்களுக்கு. வீட்டுப் பேச்சுகள் சிலவற்றையும் அவனோடு அனுப்பாதீர்கள்.

முதலாவது, பெண் பேச்சு. அக்னிவீரராகச் சேர மணமாகாதவராக இருக்க வேண்டும். நான்கு ஆண்டுப் பணி முடியும்வரை நிக்காஹ் செய்துகொள்ளவும் கூடாது. ஆகவே, "உனக்காக மாமி மகளைப் பேசி வைத்திருக்கிறோம்" என்று சொல்லி அனுப்புவது அவனுக்கும் சுமை, காத்திருக்கும் பெண்ணுக்கும் அநீதி.

இரண்டாவது, கடன் பேச்சு. 2022இல் அறிவிக்கப்பட்டபடி முதல் ஆண்டில் மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதில் 9,000 ரூபாய் 'சேவா நிதி' என்ற தொகுப்புக்குப் பிடிக்கப்படும். கையில் வருவது 21,000. நான்காம் ஆண்டில் சம்பளம் 40,000; கையில் 28,000. நான்கு ஆண்டில் அவன் பங்கு 5.02 இலட்சம், அரசும் அதே அளவு போடுகிறது. வட்டியும் சேர்ந்து முடிவில் சுமார் 11.71 இலட்சம் கிடைக்கும் என்பது அறிவிப்பு. கவனியுங்கள்: இரு பங்கும் சேர்ந்தால் 10.04 இலட்சம்தான். மீதி சுமார் 1.67 இலட்சம் வட்டியாக வருவது. அந்தப் பகுதியை என்ன செய்வது என்பதையும் ஆலிம்களிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தொகை கைக்கு வந்த பிறகு கேட்டால், நமக்குப் பிடித்த பதில் கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்!

இன்னொன்றையும் மறக்கலாகாது. அந்த அறிவிப்பின்படி, ஒரு பிரிவில் 25 சதவீதம் வரையில்தான் நான்கு ஆண்டுக்குப் பின் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். மற்றவர்கள் திரும்பி வருவார்கள். எனவே, "இனி ஆயுள் முழுவதும் அரசாங்கச் சம்பளம்" என்ற கணக்கில் வீடு கட்டக் கடன் வாங்காதீர்கள். நான்கு ஆண்டு கழித்து வருபவன், "தோற்று வந்தவன்" என்ற சொல்லைக் கேட்கும்படியும் செய்துவிடாதீர்கள்.

மூன்றாவது, அச்சப் பேச்சு. "நம் பிள்ளையை அங்கே நம்புவார்களா?" என்று என் தங்கையிடம் கேட்டவர்கள் பலர். இந்தக் கேள்வியின் வேதனை எனக்குத் தெரியாமலில்லை. ஆயினும் பிள்ளையின் காதில் அதை ஓதி அனுப்புவதால் என்ன நன்மை? யார் தன்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்று வேவு பார்த்துக்கொண்டே இருப்பவனால் ஒழுங்காக ஓடவும் முடியாது. நண்பனைத் தேடிக்கொள்ளவும் முடியாது. அதற்குப் பதிலாக இரண்டு வரலாறுகளைச் சொல்லி அனுப்பினோம்.

பிரிகேடியர் முஹம்மது உஸ்மான், நௌஷேராவைக் காத்து நின்று, 1948ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் போர்முனையில் உயிர்நீத்தவர். மகாவீர் சக்கரம் பெற்ற அவர், டில்லி ஜாமிஆ மில்லியா வளாகத்தை ஒட்டிய அடக்கத்தலத்தில் துயில்கிறார். மற்றவர் ஹவில்தார் அப்துல் ஹமீது. உத்தரப் பிரதேசம் காஜிப்பூர் மாவட்டத்துத் தாமுப்பூர் கிராமத்தில், தையல் தொழில் செய்த எளிய குடும்பத்தில் பிறந்தவர். 1965 செப்டம்பரில் கேம்கரண் பகுதியில், ஜீப்பில் பொருத்திய பீரங்கியுடன் எதிரியின் பேட்டன் டாங்கிகளை அழித்து அங்கேயே வீழ்ந்தார். பரம்வீர் சக்கரத்தை 1966 ஜனவரி 26 அன்று அவர் மனைவி ரசூலன் பீவி பெற்றுக்கொண்டார். தையற்காரர் வீட்டுப் பிள்ளை அடைந்த இடம் அது என்றால், பட்டாசுத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை ஏன் தலைகுனிந்து உள்ளே போக வேண்டும்?

உயிருக்கு ஆபத்தில்லையா என்று கேட்பீர்கள். உண்டு. அதை மறைத்துப் பிள்ளையை அனுப்புவது தவறு. ஆனால் எங்கள் வட்டாரத்தில் ஆபத்தில்லாத வேலை எது? 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடி விபத்தில் 20க்கும் மேற்பட்டவர்கள் மாண்டனர். அன்று காலை அவர்களும் மற்ற நாள்களைப் போலத்தான் சாப்பாட்டுத் தூக்குடன் வேலைக்குப் புறப்பட்டிருப்பார்கள். என் மச்சான் மருந்து அறையிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொரு மாலையும் என் தங்கைக்கு ஓர் அல்ஹம்துலில்லாஹ்தான். அஜல் எங்கே எழுதப்பட்டிருக்கிறதோ அங்கேதான் வரும் என்று வாயால் சொல்லும் நாம், பிள்ளை விஷயத்தில் மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

பயிற்சி முடிந்ததும் வீரர்கள் உறுதிமொழி எடுக்கும் அணிவகுப்பு ஒன்று நடைபெறும். அந்தந்தச் சமயத்தவர் தத்தம் வேதத்தைச் சாட்சியாக வைத்து உறுதி கூறுவர். நம் பிள்ளைக்குத் திருக்குர்ஆன் அங்கே கொண்டுவரப்படும். அதன்மீது கை வைக்கும்போது அந்தக் கை பொய்யும் திருட்டும் மதுவும் தீண்டாத கையாக இருக்க வேண்டும். அதை அவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் கடமை நம்முடையது; அந்தக் கடமையைப் பெட்டி கட்டும் நாளில் தொடங்க முடியாது.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இந்த வழியில் புறப்படுவானாயின், பெட்டியை இலேசாக்குங்கள். கேள்விகளை ஆலிம்களிடம் கேட்டு முடித்துவிட்டு அனுப்புங்கள். அழுகை வந்தால் அழுங்கள். ஆனால் அச்சத்தை அவன் கையில் கொடுக்காதீர்கள். எல்லைகளில் காவல் நிற்கும் நம் பிள்ளைகள் அனைவரையும், அவர்கள் எந்தத் தாய் வயிற்றில் பிறந்திருந்தாலும், வல்ல இறைவன் பாதுகாத்து, நலமுடன் வீடு சேர்ப்பானாக! ஆமீன்.